மூதாதையர் நினைவை எச்சிலிலிருந்து எடுக்க முடியுமா?

மே 11, மாலை 6.20 – வெள்ளகோவில் வாசகர் கேட்டது

கடந்த ஞாயிறு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு நிறுவனம் கூட்டம் போட்டது. சிறு குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தால், அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்து, ஏழு தலைமுறைக்கு முந்தைய மூதாதையர் கண்டதையும் கேட்டதையும் மீட்டு, கண்ணுக்குக் கருவி மாட்டிப் பார்க்கத் தருவார்களாம். ஆளுக்கு 24,000 ரூபாய். பங்காளிகள் பத்துப் பேர் சேர்ந்து வந்தால் சலுகை உண்டு. அம்மாவுக்கு வயது 71. அவருடைய எச்சிலையும் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். இது நடக்கிற காரியமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 11, இரவு 9.45

பணம் கட்டாதீர்கள், தம்பி. அண்ணனையும் கட்ட விடாதீர்கள். காங்கயம் பக்கத்துப் பள்ளியில் 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

டி.என்.ஏ.வில் நான்கே வகை எழுத்து. அம்மாவிடமிருந்து ஒரு படி, அப்பாவிடமிருந்து ஒரு படி வருகிறது. ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. கணினிக் கணக்கில் அது ஒரு பழைய பாட்டுக் குறுந்தகட்டைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஒரு மனிதர் ஒரே ஒரு நாள் பார்த்த காட்சியைக்கூட அதில் அடைக்க முடியாது. அந்த எழுத்துகளுக்கு வேறு வேலை இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்போது, எங்கே, எவ்வளவு செய்வது என்பதை அவை சொல்கின்றன. நினைவு இருப்பது மூளையில், நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பிடித்திருக்கும் பிடிப்பில். அந்தப் பிடிப்பு கருமுட்டைக்குள் போக வழியில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்களாக ஆன கருமுட்டை, உங்கள் அம்மா உங்கள் அமுச்சியின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. அதன் பிறகு அம்மா கண்ட எந்தத் தேரும், போன எந்தச் சந்தையும், அழுத எந்த அழுகையும் அந்த முட்டைக்குள் எப்படி ஏறும்?

மே 12, காலை 7.10

தூங்கி எழுந்ததும் நினைவுக்கு வந்தது. வகுப்பில் இந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு காதுகுத்து.

வைஸ்மான் என்ற ஜெர்மன் அறிஞர் 1880-களில் வெள்ளெலிகளின் வாலை வெட்டி வெட்டிப் பார்த்தார். ஐந்து தலைமுறை, 901 குட்டிகள். ஒன்றுகூட வால் குட்டையாகப் பிறக்கவில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், நாம் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்? பிறக்கிற பிள்ளை முழுக் காதோடுதானே பிறக்கிறது? ஒவ்வொரு முறையும் மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டியிருக்கிறது?" என்றாள். வைஸ்மானின் எலிகளைவிட அவள் கேள்விதான் பிள்ளைகள் மனத்தில் நின்றது. அதற்குப் பிறகு நான் அந்தப் பாடத்தைக் காதிலிருந்தே தொடங்கினேன்.

மே 12, இரவு 10.30

முதல் குறிப்பில் ஒரு வரியை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். உடுமலை வாசகர் பிடித்துவிட்டார். "எலிகள் அப்பனின் பயத்தை நினைவில் வைத்திருந்ததாகப் படித்தேனே?" என்கிறார்.

ஆம், அப்படி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் டயஸ், ரெஸ்லர் இருவரும் செய்தது. 2013 டிசம்பரில் வெளியானது. செர்ரிப் பூ போன்ற ஒரு வாசனையைக் காட்டி ஆண் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த வாசனையை முன்பின் அறியாத குட்டிகளும் பேரக்குட்டிகளும் அதற்கு மற்ற எலிகளைவிடக் கூடுதலாகத் திடுக்கிட்டன. முடிவுகளின் கணக்கே நம்பும்படி இல்லை என்று அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. விவாதம் ஓயவில்லை. ஆகவே "வழியே இல்லை" என்று நான் அடித்துச் சொன்னதைச் சற்று இறக்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வை முழுதாக நம்பினாலும் கிடைப்பது ஒரு வாசனைக்கு உடம்பு திடுக்கிடுவது மட்டும். அப்பன் எலியின் கூண்டும் அந்த அறையின் வெளிச்சமும் குட்டிக்குத் தெரியப்போவதில்லை.

டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமல், அதை உடம்பு வாசிக்கும் விதம் மட்டும் மாறுவது எப்படி என்றும் அவர் கேட்டிருந்தார். நம் கட்டுத்தரைக்குப் போய்ப் பாருங்கள். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதத்தில் செவலை உதிர்ந்து சாம்பல் நிறத்துக்கு வரும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்னுடம்பும் பின்தொடையும் கருக்கும். காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வடிந்து எருது வெளுத்துவிடும். மூன்று நிறத்துக்கும் ஒரே மாடு, ஒரே டி.என்.ஏ. எந்தப் பக்கத்தை எப்போது திறந்து படிப்பது என்பதை உடம்பு மாற்றிக்கொள்கிறது. அடுத்த கன்று மறுபடியும் செவலையாகத்தான் விழும்.

மே 15, மாலை 5.00

என் தம்பி மகன் இதையெல்லாம் படித்துவிட்டு வந்தான். அவன் விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றில் இதே கதைதானாம்: ஒரு பெரிய நிறுவனம் வாரிசைப் படுக்கவைத்து, அவன் மூதாதையர் வாழ்ந்ததைப் பார்க்கிறது. கதையாக எனக்குப் பிடித்திருக்கிறது. கதைக்கு 24,000 ரூபாய் வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவன் சமையலறையில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அத்தை, நீங்கள் ஏன் அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுகிறீர்கள்? பஞ்சத்தின் நினைவு உங்கள் ரத்தத்தில் இருக்கிறதோ?"

நல்ல கேள்வி. என் அமுச்சி கம்பை உரலில் போடுவதற்கு முன் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டார். அம்மா அதை அரிசியில் செய்தார். நான் எவர்சில்வர் டப்பாவில் செய்கிறேன். கலயம் நிறைந்தால் மாரியம்மன் கூழுக்குக் கொடுப்பது வழக்கம். அதை எடுக்கும் விதமும் தனி. உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். நான்கு விரல்கள் மட்டும் மடங்க வேண்டும். கட்டை விரல் சேரக் கூடாது, விலகி நிற்க வேண்டும். ஏழு வயதில் நான் கட்டை விரலையும் சேர்த்து மடக்கியபோது அம்மா என் மணிக்கட்டில் தட்டி, தானியத்தைக் கொட்டச் சொல்லி, மறுபடி எடுக்க வைத்தார். அதற்கு அமுச்சி வைத்திருந்த பெயர் "ஆத்தா பிடி". அவருடைய அப்பத்தா 1876 முதல் 78 வரை நீண்ட தாது வருடப் பஞ்சத்தைப் பார்த்தவராக இருக்க வேண்டும், அந்த ஆத்தாவின் பிடி இது, என்றுதான் நான் எண்ணியிருக்கிறேன்.

பஞ்சம் உடம்பில் தடம் விடும் என்பது உண்மை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் வயிற்றிலிருந்த பிள்ளைகளை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளில் வேறுபாடு தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்கள். அவர்கள் உடம்பே பட்டினியைப் பட்டது. எங்கள் வீட்டுப் பிடியைக் கொண்டுவந்தது மணிக்கட்டில் விழுந்த அந்தத் தட்டல். அப்படித்தான் அவனிடம் சொன்னேன்.

மே 16

எச்சிலைக் கொடுக்கும் முன் இதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். எச்சில் பரிசோதனையில் உலகில் பெயர் பெற்ற நிறுவனம் '23 அண்ட் மீ', 2006-இல் தொடங்கியது. 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் அங்கிருந்து களவு போயின. 2025 மார்ச் மாதம் அது திவால் மனு போட்டது. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை எங்கே போய் மாற்றுவது? நீங்கள் கொடுப்பதில் உங்கள் பிள்ளைகளின் பாதியும் இருக்கிறது. அவர்களிடம் யார் கேட்டார்கள்?

மே 19, இரவு

"எங்கள் கூட்டம் எங்கிருந்து வந்தது என்றாவது சொல்வார்களா?" என்று பல்லடத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலம். இதில் நான் நெடுநாள் மனத்தில் வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடம் இருக்கிறது. இருபது தலைமுறை போனால் 10,48,576. ஆந்தை, காடை, ஓதாளன், பயிரன் என்று எந்தக் கூட்டப் பெயரானாலும் அது அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று ஒரே நூலில் வருவது. மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமும் அப்படித்தான். 1,024 பேரில் ஒரே ஒருவர். செல்லுக்குள் தனி டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் மட்டும் வருவது; அதன் 16,569 எழுத்துகளும் இன்னொரு ஒற்றை நூல். மீதி 1,022 பேர்? பத்தாம் தலைமுறையில் ஏறக்குறைய பாதிப் பேரின் டி.என்.ஏ. உங்களிடம் துளியும் இருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டைக் கலைத்துப் பாதியைத்தான் கொடுக்கிறோம். உங்களைப் பெற்ற வரிசையில் இருந்தும் உங்கள் உடம்பில் தடமே விடாதவர்கள் அவர்கள்.

கூட்டப் பெருமைக்கும் சாதிப் பெருமைக்கும் இந்தச் சோதனை சான்று தரும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. ஹைதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தார்கள். தனித்தனியாகக் கதவடைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். கலக்காத ரத்தம் என்று இங்கே யாரிடமும் இல்லை.

உண்மையான மரபணு ஆய்வை நான் குறை சொல்லவே இல்லை. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்தார்களே, அதனால் நாளை எத்தனையோ பரம்பரை நோய்களுக்கு வழி பிறக்கும். அவர்கள் யாரும் நினைவை மீட்டுத் தருவதாகச் சொல்லவில்லை.

மே 20

கொடுமணல் அகழாய்வில் கிடைத்த எலும்புகளைச் சோதித்தால் என்ன என்று ஒரு கேள்வி. நம் வெயிலில் பழைய டி.என்.ஏ. நிற்பது கடினம். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பார்த்ததில் ஒரே ஒரு பெண்ணுடையதுதான் கிடைத்தது. கொடுமணலில் கிடைத்தது வேறு. நொய்யல் கரையில் கல்மணி அறுத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் தங்கள் பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்தார்கள். மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். தமிழி எழுத்தில் 'ஆதன்' என்று முடியும் ஓர் ஓட்டுத் துண்டின் படத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பேர் இருக்கிறது டீச்சர்!" என்று ஒரு பையன் துள்ளினான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான்.

மே 24, நள்ளிரவு

மே 15-இல் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். மனம் ஆறவில்லை.

இன்று பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வயது 93. காது மந்தம், நினைவு கூர்மை. அமுச்சியின் அப்பத்தா பஞ்சத்தைப் பார்த்தவர்தானே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அந்த ஆத்தா அப்பத்தா இல்லை, கண்ணு. பால் கொடுத்த ஆத்தா."

சூலூர் பக்கத்தில் பிளேக் வந்தபோது அமுச்சியைப் பெற்றவர் இறந்துபோனார். அமுச்சிக்கு அப்போது நாற்பது நாள். ஊருக்குத் தெற்கே இருந்த வளவிலிருந்து, அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண் வந்து பால் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள் அவரை விடவில்லை. குழந்தையைக் கட்டுத்தரைக்குத் தூக்கிப் போய்க் கொடுத்து, குடித்து முடித்ததும் தண்ணீர் தெளித்து வாங்கிக்கொள்வார்களாம். ஒன்றரை வருடம். அமுச்சி வளர்ந்த பிறகும் அவரை "ஆத்தா" என்றுதான் சொன்னாராம். பிடி எடுக்கும் பழக்கம் அவரிடம் அமுச்சி கற்றது என்கிறார் பெரியம்மா. அவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஆத்தா என்றுதானே சொல்வார்கள்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அறுபது ஆண்டுகளாக என் கையில் இருக்கும் ஒரு பழக்கம், என் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூடத் தராத ஒரு பெண்ணிடமிருந்து வந்திருக்கிறது. மண்டபத்துக்காரர்கள் ஏழு தலைமுறையைக் காட்டுவார்கள். உண்மையாகவே காட்டக்கூடிய கருவி வந்தாலும் அதில் அவர் வரமாட்டார். அவர் இல்லாவிட்டால் அமுச்சி நாற்பதாம் நாளே போயிருப்பார். பெரியம்மாவும் அம்மாவும் நானும் இல்லை.

மே 25

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பலமுறை கும்பிட்டிருக்கிறேன். நோயின் பெயரையே அம்மனுக்குச் சேர்த்து நினைவில் வைத்த ஊர்க்காரர்கள் நாம். பால் கொடுத்தவரின் பெயரை ஏன் வைக்கவில்லை?

மே 27

கேள்வி கேட்ட தம்பிக்கு: அண்ணன் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அம்மா தன் தாய் வழியில் நான்கு பெயர் வரை சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கைபேசியில் பதிவு செய்தீர்களா? பெயரோடு நிறுத்தாதீர்கள். யார் சமைத்தார்கள், யார் தூக்கி வளர்த்தார்கள், காட்டில் யார் வேலை செய்தார்கள், அவர்கள் எந்த வாசல் வரை வந்தார்கள் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் இடத்தில் இன்னொரு முறை கேளுங்கள். ஓலப்பாளையத்தில் 1965-இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பதிவு செய்தபோது 18 இரவுகள் உட்கார்ந்தார். உங்கள் அம்மாவிடம் இரண்டு இரவு உட்காரலாம்.

ஜூன் 2

பழைய மாணவர் ஒருவருக்குச் சூலூர் பக்கத்து ஊரில் சொந்தம். அவர் மூலம் விசாரித்தேன். பால் கொடுத்தவரின் மகன் பஞ்சு அரைக்கும் ஆலை வேலைக்குத் திருப்பூர் போய்விட்டாராம். அந்த மகனின் பேத்தி இப்போது அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர். தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நூறு வருடம் கழித்து எதற்கு இப்போது கேட்கிறீர்கள், அம்மா?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. "பெயர் தெரியவில்லை, அதனால்தான்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஜூன் 8, இரவு 11.15

போய் வந்தேன். பெயரைச் சொன்னார். இங்கே எழுதலாமா என்று கேட்டேன். வீட்டில் கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை எழுதமாட்டேன்.

மே 24-இல் எழுதியதையும் திருத்த வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் பிடி எடுத்து வைப்பீர்களா என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. கையால் செய்து காட்டினேன்: உள்ளங்கை மேலே, நான்கு விரல் மடங்கி, கட்டை விரல் விலகி. முகம் மாறிவிட்டது.

"எங்கள் வீட்டில் எடுத்து வைக்க என்ன இருந்தது? இது எங்களுக்கு அளந்த பிடி. பால் கொடுத்த நாளுக்கு ஒரு பிடி கம்பு. கட்டை விரலை விட்டுத்தான் அளப்பார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். சந்தையில் யாராவது குறைத்து அளந்தால், 'பண்ணையத்துப் பிடி பிடிக்காதே' என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்வோம்."

ஆத்தா கற்றுக்கொடுத்த பிடி என்று பெரியம்மா எண்ணினார். பஞ்சம் கண்ட ஆத்தாவின் பிடி என்று நான் எண்ணினேன். அது ஆத்தாவுக்கு அளந்த பிடி. அவர் கைக்குப் போக வேண்டிய கம்பு. கொடுப்பது நின்ற பிறகும் எடுப்பது நிற்கவில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது அமுச்சி தினமும் அதைப் பார்த்திருக்க வேண்டும்; என்ன என்று தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். கலயம் நிறைந்ததும் மாரியம்மனுக்குக் கொடுத்தோம். அவர் வீட்டுக்குக் கொடுக்கவில்லை.

புறப்படும்போது அவர் தேநீர் கொடுத்தார். அவர் வீட்டுக் கூடத்தில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். பேசிக்கொள்ள அதிகம் இல்லை. அடுத்த மாதம் மகளின் சீருக்கு அழைத்திருக்கிறார்.

ஜூன் 9, காலை 6.30

தூக்கம் வரவில்லை. சமையலறைத் தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்த்தேன். அதே அரிசி, அதே கை. கட்டை விரலைச் சேர்த்து மடக்கினால் 39 கிராம். விலக்கினால் 28.